குளிர் மந்தமாகும் இடம்

என் தங்கை அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தாள்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மடிக்கணினியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு நீண்ட கோடு. இடமிருந்து வலம் முப்பத்துநான்கு வருடங்கள். நடுவில் எட்டு வருடங்கள் மட்டும் திமில் மாதிரி உயர்ந்து நின்றன.

"பாருக்கா, எவ்வளவு ஒய்யாரமா நிக்குது."

"சாப்பாட்டு மேசையில ஒட்டகத்தக் கட்டாதேன்னு சொல்லு உன் தங்கச்சிகிட்ட" என்றார் என் கணவர். முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து அவளை அவர் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை தெரியாத டாக்டர் என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை.

அவள் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், எங்களோடு தங்கியிருக்கிறாள். நான் வானிலை நிலையத்தில் பலூன் பிரிவு. காலையும் மாலையும் ஒரு பலூன் விடுவோம். அதன் கீழே தொங்கும் சின்னப் பெட்டி, போகிற வழியெல்லாம் வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டே போகும். மேலே போகப் போகக் குளிரும். பதினாறு, பதினேழு கிலோமீட்டரில் அந்தக் குளிர்ச்சி நிற்கும். அதற்குக் கீழே மேகம், மழை, இடி, நாம் எல்லாரும். மேலே வேறு காற்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எல்லை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அது வருடக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் தங்கையின் கேள்வி. ஒவ்வொரு பலூனுக்கும் வெப்பநிலைக் கோட்டை வரைந்து எல்லையைக் குறித்து வைத்த எங்கள் நிலையத்தின் தாள்களில் பதில் இருந்தது.

"திமில் ஆரம்பிக்கிற மாசத்துல கருவி ஏதாவது மாத்தினாங்களா? நீ அப்ப அங்கதானே இருந்த."

"மாத்தியிருக்கலாம்" என்றேன்.

கருவி மாறவில்லை. அந்த மாதம் மாறியது ஆள். அந்த மாதம்தான் நான் வேலையில் சேர்ந்தேன்.

"அப்பன்னா சரி. கருவி மாற்றம்னு ஒரு குறிப்புப் போட்டுட்டு, எட்டு வருஷத்துலயும் சமமா ஐந்நூறு மீட்டர் கழிச்சிடறேன். ஒட்டகம் படுத்துரும். திங்கக்கிழமை கட்டுரைய அனுப்பணும்."

நான் தண்ணீர் குடித்தேன். தாகமே இல்லை.

மறுநாள் காலை பலூன் அறையில் பலூன்காரர் வாயுக் குழாயைச் செருகிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அதே வேலை. வெள்ளை ரப்பர் மெல்ல மெல்ல எழுந்து, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட பெரிய மிருகம்போல் தலையைத் தூக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிடம் எனக்குப் பேச்சு வராது. அவருக்கு வரும்.

"என்ன மேடம், முகமெல்லாம் காத்துப் போயிருக்கு? குழாய உங்களுக்கும் செருகவா?"

"அண்ணே, பழைய தாளெல்லாம் எங்க இருக்கு? நான் கையால எழுதினது."

"பின்னாடி அறையில. எலிகூடப் படிச்சு முடிச்சிருக்கும்." பலூனின் கழுத்தைக் கட்டியபடியே சிரித்தார். "கணினி வந்த புதுசுல நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா? இதுக்கு ரொம்ப அவசரம், பாதி வழியிலயே எல்லைய எழுதிருதுன்னு."

ஞாபகம் இருந்தது. மறக்க முயன்ற எதுவும் எனக்கு மறந்ததில்லை.

எல்லையைக் குறிக்க விதி இதுதான். ஓர் இடத்தில் குளிர்ச்சி மந்தமாகும். கிலோமீட்டருக்கு இரண்டு டிகிரிக்கு மேல் குறையாத நிலை தொடங்கி, அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கும் அது அப்படியே நீடித்தால், தொடங்கிய புள்ளியே எல்லை. நான் அப்படிக் குறிக்கவில்லை. கோடு இன்னும் கொஞ்சம் குளிருமே என்று காத்திருந்து, ஆகக் குளிரான புள்ளியில் பென்சிலை வைத்தேன். எல்லை என்றால் ஒன்று முடிகிற இடம் என்று நினைத்தேன். அது மந்தமாகிற இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டு வருடம். கணினி வந்த முதல் வாரத்தில் அதன் எண் என் எண்ணைவிட அறுநூறு மீட்டர் கீழே இருந்தது. அன்றைக்கே விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மூடி வைத்தேன். பலூன்காரரிடம் அந்த அவசரப் பேச்சைச் சொன்னது அதற்குப் பிறகுதான். பதினான்கு வருடமாக அந்தப் புத்தகம் அதே அலமாரியில், நான் மூடியபடியே இருக்கிறது.

பின் அறையில் கட்டுகளைப் பிரித்தேன். பனிக்காலத் தாள் ஒன்றை எடுத்து விதிப்படி மறுபடி குறித்தேன். புதுப் புள்ளி பழைய புள்ளியின் மேலேயே விழுந்தது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மழைக்காலத் தாள் ஒன்று. எண்ணூறு மீட்டர் கீழே. இன்னொன்று, எழுநூற்றைம்பது. பனிக்காலத்தில் கோடு சட்டென்று மடங்குகிறது, அதனால் என் பிழை தெரியவில்லை. மழைக்காலத்தில் நிதானமாக வளைகிறது, நான் அதோடு நிதானமாக வழி தவறியிருக்கிறேன். எல்லாவற்றிலும் சமமாக ஐந்நூறு கழித்தால் ஒரு மாதமும் சரியாக வராது.

வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். வெள்ளி இரவு சொல்லவில்லை. சனிக்கிழமை காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை ஓடிவந்தாள்.

"அக்கா! ஐந்நூறக் கழிச்சதும் என்ன வந்திருக்கு தெரியுமா? அந்த எட்டு வருஷம், பனிக்காலத்துல மட்டும் எல்லை கீழ எறங்கியிருக்கு! மழைக்காலத்துல ஏறியிருக்கு! இதுவரைக்கும் யாருமே பாக்காத ஒண்ணு. இத வச்சே தனியா ஒரு கட்டுரை எழுதலாம். கையக் கொடு!"

என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கண்டுபிடித்த வானம் என் பென்சிலிலிருந்து வந்தது. இந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டால் அவள் வாழ்நாள் முழுக்க அதை நம்புவாள், அவளைப் படிக்கிறவர்களும் நம்புவார்கள்.

"கருவி மாறல" என்றேன்.

"என்ன?"

"அந்த மாசம் கருவி எதுவும் மாறல. நான் தப்பாக் குறிச்சேன். எட்டு வருஷம். பனிக்காலத்துல தப்பு தெரியாது. அதுல போயி நீ ஐந்நூறக் கழிச்சா எல்லை எறங்கின மாதிரிதான் தெரியும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"கணினி வந்தப்ப."

"பதினாலு வருஷமாவா?" மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்தாள். "முந்தாநாள் கேட்டேன்ல? சோறு போட்டுக்கிட்டே பொய் சொன்னியே. நான் அனுப்பியிருந்தா? நாளைக்கு எவனாவது வந்து டாக்டரம்மா, உங்க வானம் உங்கக்கா செஞ்சதுன்னு சொன்னா, மூஞ்ச எங்க வச்சுக்குவேன்?"

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. என் கணவர் நடுவில் நின்று, உப்பு வேணுமாம், அவகிட்டக் கேளு என்று தூது போனார்.

திங்கட்கிழமை அவள் கட்டுரையை அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை நிலையத்துக்கு வந்தாள். பின் அறையின் வாசலில் நின்று கட்டுகளைப் பார்த்தாள்.

"எத்தனை?"

"ஐயாயிரத்து எண்ணூத்திச் சொச்சம்."

"நீயே குறி. நான் சரிபாக்கறேன். உன்ன நம்ப முடியாது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது பாதிச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. முழுச் சிரிப்பு வர இன்னும் சில வாரங்கள் ஆயின.

ஐந்து மாதம் குறித்தோம். பலூன்காரர் தும்மிக்கொண்டே கட்டுகளை இறக்கிக் கொடுத்தார். இருபத்துநான்கு வயதில் வேலைக்கு வந்த என்னை ஒவ்வொரு தாளிலும் சந்தித்தேன். அழகான கையெழுத்து. சந்தேகமே இல்லாத புள்ளி. சில தாள்களில் மூலையில் சின்னதாக மேகம் வரைந்திருந்தேன். அந்தச் சின்னப் பெண்ணிடம் எனக்குக் கோபம் வரவில்லை. புத்தகத்தை மூடி வைத்தவளிடம்தான் வந்தது.

கடைசித் தாள் முடிந்த மதியம் தங்கை புதிதாக வரைந்த கோட்டைத் திரையில் காட்டினாள். ஒட்டகம் இல்லை. எட்டு வருடங்களும் வரிசையில் வந்து நின்றுவிட்டன. கோடு லேசாக, கவனிக்காவிட்டால் தெரியாத அளவுக்கு, மேலே ஏறிக்கொண்டிருந்தது. பனிக்காலத்திலும் மழைக்காலத்திலும்.

"எவ்வளவு?"

"முப்பத்துநாலு வருஷத்துல நூத்தி எழுபது மீட்டர்."

ஓர் உயரமான கட்டடத்தின் அளவு. மழைக்காலத்தில் என் பிழை அதைவிட நாலு மடங்கு பெரியது. இவ்வளவு சின்ன நகர்வை என் பென்சில் எட்டு வருடம் மறைத்து வைத்திருந்தது.

"குறிப்புல நடைமுறை வேறுபாடுன்னு போட்டுடறேன்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"பிழைன்னு போடு. குறிச்சவங்களே திரும்பக் குறிச்சாங்கன்னும் போடு."

அவள் தட்டச்சு செய்தாள். நான் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன்.

மாலைப் பலூனுக்கு நேரமாகியிருந்தது. விட்டுவிட்டு வந்து திரைமுன் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் கோடு மந்தமானது. கணினி தன் குறியை வைத்தது. அது சரியாகத்தான் வைத்திருந்தது. அதற்கு மேலும் குளிர் கொஞ்ச தூரம் போயிற்று. நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.