வாத்து வைத்தியம்

மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்ததும் வாத்துகள் மேசைமேல் குப்புற விழுந்தன. எல்லாம் மஞ்சள், எல்லாம் ஒரே முகம். கடைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவை என்பதால் அந்த முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருப்பதாக டாக்டருக்குப் பட்டது.

டாக்டர் என்றால் படித்த டாக்டர் இல்லை. பொம்மைத் தொழிற்சாலையின் ரிப்பேர் மேசைக்காரர். செத்த பொம்மையைப் பிழைக்கவைக்கிறார் என்று, வரிசையில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டுக்கு ஈயம் உருக்கி வைக்கும் பெண்கள் கேலியாகச் சூட்டிய பேர். அவருக்கு அதில் கேலி தெரியவில்லை. கரண்ட் பார்க்கும் மீட்டரின் வயரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் குடிக்கவே போவார்.

நோய் இதுதான். சுவிட்சைப் போட்டால் வாத்து நாலடி நடக்கும், ஒரு தடவை கத்தும், நின்றுவிடும். தட்டினால் மறுபடி நடக்கும். ஒரு கடைக்காரர் எரிச்சலில் ஓங்கித் தட்ட, அது விறுவிறுவென்று கண்ணாடி மேசையின் விளிம்புவரை போய்க் குதித்து உயிரை விட்டதாம். கண்ணெதிரே நடந்த தற்கொலையால் வியாபாரம் கெட்டது என்று அவர் தனியாக ஒரு புகார் கொடுத்திருந்தார்.

"என்னய்யா டாக்டரே, பொழைக்குமா?" முதலாளி பின்னால் வந்து நின்றார்.

முதலாளி முதுகில் மூச்சுவிட்டால் எந்த வைத்தியருக்கும் கை பரபரக்கும். டாக்டர் ஒரு வாத்தின் வயிற்றுத் திருகாணிகளைக் கழற்றி போர்டைத் திறந்தார். ஒரு ஈயப் பொட்டு மற்றதைவிட மங்கலாக இருந்ததுபோலத் தெரிந்தது. சூட்டுக்கோலை எடுத்து அதன்மேல் வைத்தார். சுவிட்சைப் போட்டார். வாத்து குடலைக் காட்டிக்கொண்டே மேசையைச் சுற்றி வந்து கத்தியது.

"டிரை சால்டர், மொதலாளி. ஒட்டுன மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. வச்சவங்க கை அவசரம்."

கடைசி வார்த்தையை அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாக்கு தானாகச் சேர்த்துக்கொண்டது.

முதலாளி போர்டைத் திருப்பினார். முடித்த போர்டின் மூலையில் ஒவ்வொருத்தியும் தன் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைப்பது அங்கே வழக்கம். இந்தப் புள்ளி கருஞ்சிவப்பு. வரிசையில் மூன்றாவதாக உட்காரும் அக்காவுடையது. டாக்டரைவிட மூத்தவள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்தபிறகு வீட்டில் அடுப்பு எரிவது அவள் கையால்தான்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரிப்பேர் மேசையைத் தாண்டிப் போகும்போது அக்கா கொஞ்சம் நின்றாள். டாக்டர், கீழே விழாத திருகாணி ஒன்றைத் தேடி மேசைக்கடியில் குனிந்திருந்தார். அவள் செருப்பு நகரும்வரை அது கிடைக்கவில்லை.

பிற்பகலில் அவர் வைத்தியம் பார்த்த வாத்துகள் வயிற்றை மூடித் திருகாணி முடுக்கும் பிரிவுக்குப் போய், அதே வேகத்தில் திரும்பி வந்தன.

"டாக்டரே, உங்க புள்ளைங்க உங்களைத் தேடுது," என்று ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "நாலடி நடந்து மயக்கம் போடுதுங்க. நீங்க குடுத்த மருந்து அப்படி."

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு போர்டாகத் திருப்பினார். பச்சைப் புள்ளி, வெள்ளிப் புள்ளி, ரோஸ். எல்லார் புள்ளியும் இருந்தது. காலையில் ஒரே ஒரு வாத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்திருக்கிறார்.

இன்னொன்றைத் திறந்தார். இந்தத் தடவை சூட்டுக்கோலைத் தொடவே இல்லை. வாத்து நடந்தது. திறந்தாலே சரியாகிற நோய்! அதைத் தூக்கிக்கொண்டுபோய், முதலாளி புதிதாக வாங்கியிருந்த திருகாணி மெஷினில் முடுக்கினார். நின்றுவிட்டது. கையால் அரைச் சுற்றுத் தளர்த்தினார். நடந்தது. பூதக்கண்ணாடியில், திருகாணி ஓட்டையை ஒட்டிக் கரண்ட் ஓடும் செம்புக் கோட்டில் முடி அளவுக்கு ஒரு விரிசல். முடுக்கினால் போர்டு வளைந்து விரிசல் வாயைத் திறக்கிறது. தளர்த்தினால் மூடிக்கொள்கிறது. ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தைகள் பிரித்துவிடக்கூடாது என்று மெஷினை அத்தனை இறுக்கமாக வைத்தது முதலாளியின் கை.

டாக்டர் போய்ச் சொன்னதையெல்லாம் சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டார். எழுந்துபோய் மெஷினின் இறுக்கத்தைத் தானே குறைத்துவிட்டு வந்தார்.

"முடிஞ்சுது. போய் வேலையைப் பாரு."

"அப்ப அக்காவைக் கூப்பிட்டுக்கலாமே, சார்?"

"கூப்பிடலாம். வந்ததும், அப்ப யார் தப்புன்னு கேப்பா. உன் பேரைச் சொல்லவா, மொதலாளி பேரைச் சொல்லவா?"

டாக்டர் கழுத்திலிருந்த வயரைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மேசைக்குத் திரும்பினார்.

வேலை விட்டு வெளியே வந்தபோது பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். செருப்புகூடச் சத்தம் போடாமல் நடந்தது.

"தம்பி! உன்னைப் பாக்கத்தான் நிக்கிறேன்."

திட்டட்டும் என்று நின்றார். திட்டினால் மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்றுகூட இருந்தது.

"ரேடியோ ரிப்பேர் கடையில ஆள் கேக்குறாங்க. நாளைக்கு ஈயம் வச்சுக் காட்டணுமாம்." அக்கா கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். "இத்தனை வருஷம் தப்பாவே வச்சிருக்கேன், ஒருத்தரும் சொல்லல. நீதான் கண்டுபிடிச்சே. எங்க தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லிடுப்பா."

நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, ஊசியைச் சூட்டுக்கோலாகப் பிடித்து வைத்துக் காட்டினாள். சாய்வு, தொடுகை, எடுப்பு எல்லாம் சரி. அவரே அவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை.

"அவசரப்படுறேனா?"

டாக்டர் வாயைத் திறந்தார். தொழிற்சாலை வாசலில் சூப்பர்வைசர் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம், அக்கா."

"அதானே பாத்தேன்," என்று அவள் தன் கையையே ஒரு தட்டுத் தட்டினாள். மறுபடி குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியைச் சிமெண்டில் ஊன்றினாள். எடுக்கவில்லை. எந்த போர்டாக இருந்தாலும் கருகிப்போகிற அளவுக்கு வைத்துக்கொண்டே இருந்தாள்.