கூடுதலாக ஒரு ‘கொள்’

1

இந்தக் கதை ஒரு தட்டச்சுப் பிழையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

இதை எழுதுகிறவரின் பெயர் ஈஸ்வரமூர்த்தி. கொங்குப் பக்கத்துக் கோபாலபுரத்துக்காரர். குமுளிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றார், ஊருக்குத் திரும்பவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. குவாண்டம் இயற்பியலின் புதிர்களைப் பொது வாசகர்களுக்கு விளங்கும்படி ஒரு சிறு நூலாக எழுதிக்கொண்டிருந்தார்.

(தன்னையே ‘அவர்’ என்று எழுதுவது அவருக்கு வசதியாக இருக்கிறது. ‘நான்’ என்று தொடங்கினால் எதிரே யாரோ உட்கார்ந்து கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. எதிரே சுவர்தான்.)

முதல் அத்தியாயத்தின் தொடக்கங்கள் சில:

எலக்ட்ரானை ஒரு மிகச் சிறிய பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பந்து

எலக்ட்ரான் ஓர் அலை. அதாவது, குளத்தில் கல்லெறிந்தால்

2

ஒன்பதாவது முறை எழுதியபோது உவமையாக ஒரு பஸ் வந்தது.

குமுளியிலிருந்து ஏலப்பாறைக்குக் குட்டிக்கானம் வழியாகவும் போகலாம், கட்டப்பனை வழியாகவும் போகலாம். எலக்ட்ரானைப் போன்ற ஒரு பயணி கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏலப்பாறையில் அவர் இறங்கும் விதத்தை வைத்துப் பார்த்தால், இரண்டு சாலைகளிலும் வந்தவர் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கும். வழியில் ஒரு கண்டக்டர் அவருக்கு டிக்கெட் கிழித்துவிட்டால் போதும், அந்த விசித்திரம் போய்விடும். ஒரே சாலையில் வந்த சாதாரண ஆளாக இறங்குவார். இயற்பியலில் ‘பார்த்தல்’ என்பது அந்த டிக்கெட்தான். அதற்குக் கண்கூட வேண்டியதில்லை. உலகத்தில் எங்காவது ஒரு தடயம் விழுந்தால் சரி.

இதை அவர் சித்ராவிடம் கொடுத்தார். ஏலக்காய்க் கடை வரிசையின் கடைசியில் போட்டோஸ்டாட், டைப்பிங் கடை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவள். நாற்பது வயது இருக்கும். தினமும் பகலில் அவர் அங்கே போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். அவள் தட்டிக்கொண்டிருப்பாள். இருவரும் பேசமாட்டார்கள். ஒரு நாளில் அவருக்குப் பிடித்த நேரம் அதுதான்.

கையெழுத்தில் இருந்தது: ‘எலக்ட்ரானை யாரும் பார்க்காதவரை’. அவள் தட்டியிருந்தது: ‘எலக்ட்ரானை யாரும் பார்த்துக்கொள்ளாதவரை’.

“அம்மிணி, இது வெறும் ‘பார்க்காத’ தானுங்க. ‘கொள்’ வராதுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான சார்? பாக்க ஆளில்லன்னா, இருந்தென்ன இல்லாட்டி என்ன.” கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். “உங்க எலக்ட்ரான் எங்கப்பா மாதிரில்லா இருக்கு. நான் போன் போட்டாத்தான் எங்க இருக்காருன்னு தெரியும். போடாதப்ப அவருக்கே தெரியாது.”

அவள் சிரித்தாள்.

[சிரிக்கவில்லை. எழுதுகிறவர் சேர்த்தது. வாசகர் மேலே உள்ள வரியை அடித்துவிட்டுப் படிக்கவும்.]

பிறகு, சரி சார் மாத்திடுறேன் என்று மாற்றிக்கொடுத்தாள்.

3

அவளுடைய அப்பா பெரியமுத்து ஏலப்பாறையில் ஓர் எஸ்டேட்டில், லயம் என்று சொல்லும் வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார். கொஞ்ச நாளாக மறதி. அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் நடந்துவிடுகிறார். குமுளிக்கு அழைத்து வந்து வைத்துப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாளே ஏலப்பாறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். அங்கே போனால் கடை இல்லை, இங்கே இருந்தால் அப்பா இல்லை. அதனால் தினமும் ஒரு மணிக்கு போன்.

இதெல்லாம் அவள் வேறு யாரிடமோ போனில் சொன்னது. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி அவர் கேட்டது. எட்டு மாதத்தில் அவர் அவளிடம் கேட்ட கேள்விகள் இரண்டு: எத்தனை பக்கம், எப்போது முடியும்.

4

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு போனை யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். பரிதிக்குப் புறத்தாணு, எல்லைக்கு வெளியே என்று, அந்த மலையாளப் பதிவுக் குரல். பக்கத்து வீட்டு வேலுத்தாய்க்குப் போட்டாள். அவர் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மூன்றாம் முறையும் அதே குரல்.

“சார், கொஞ்சம் எந்திரிங்க. கடைய அடைக்கணும்.”

எழுந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். ஷட்டரை இழுக்கக்கூடக் கை கொடுக்கவில்லை. இன்று சனிக்கிழமை, ஷட்டர் இறங்கியே இருக்கிறது. அவளுடைய எண் கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது.

5

முடிவுகள்.

அ. லயத்து வாசலில் பெரியமுத்து உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருக்கிறார். போன் பரணில்

ஆ. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. சித்ரா இரண்டு முறை

(இதை முடிக்க முடியவில்லை.)

இ. சித்ரா கதவுக்கு முன்னால் நிற்கிறாள். திறக்காதவரை உள்ளே அப்பா உயிரோடு இருக்கிறார், இல்லை; இரண்டும் உண்மை. கதையை இங்கேயே நிறுத்திவிடலாம்.

மூன்றாவதில் ஓர் அழகு இருந்தது. ஆனால் அது பொய் என்று எழுதுகிறவரே தன் நூலின் நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். எலக்ட்ரானுக்குச் சரி. ஒரு மனிதர் அளவுள்ள எதையும் உலகம் பார்க்காமல் விடுவதில்லை. காற்று வந்து மோதுகிறது, வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது, ஒவ்வொன்றும் டிக்கெட் கிழித்துக்கொண்டே போகிறது. கதவுக்குப் பின்னால் என்ன நடந்ததோ அது செவ்வாய்க்கிழமையே நடந்தாகிவிட்டது. எழுதுகிறவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு இயற்பியலில் இடமில்லை. அது அவருடைய பழக்கம்.

பெரியமுத்துவைக் காற்று பார்க்கும். பார்த்துக்கொள்ளாது.

இதை எழுதியபோதுதான் அவள் தட்டியதில் பிழை இல்லையோ என்று தோன்றியது.

6

இன்று காலை கடைப் பலகையில் இருந்த அந்த எண்ணுக்கு அழைத்தார். பரிதிக்குப் புறத்தாணு.

அழைத்தேன் என்று எழுத வேண்டும். நான்தான் அழைத்தேன்.

பத்தரைக்கு ஏலப்பாறை பஸ். குட்டிக்கானம் வழி. அவள் கட்டப்பனை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தால் தவறவிடுவேன், இருக்கட்டும். பெரியமுத்துவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பேன். போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. உட்கார எனக்குத் தெரியும்.

போகும் வழியில் இந்தக் கத்தையை அவள் கடை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிடுவேன். (அம்மிணி, உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேனுங்க. பிடிக்காததை அடித்துவிடுங்க.) அவள் திரும்பாமல், வேறு யாராவது அந்தக் கடையை எடுத்துத் திறக்கவும் கூடும். அவர்கள் கையெழுத்தில் உள்ளதை உள்ளபடி தட்டுவார்கள். அவள் என்றால் ‘கொள்’ சேர்த்தாலும் சேர்ப்பாள்.

ஆகவே முடிவை எழுதவில்லை. பழைய வாக்கியத்தையே கீழே எழுதியிருக்கிறேன், ‘பார்க்காதவரை’ என்று, என் பழைய வழக்கப்படி. அச்சில் என்ன வந்திருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரானை யாரும் பார்த்துக்கொள்ளாதவரை அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.