ஆளில்லாத இருக்கையின் அளவு

"…அதைத்தான்க்கா சொல்றேன். அந்த நாட்டுலயெல்லாம் ஒருத்தர் சொன்னா முடிஞ்சுது. பாலம்னா பாலம், ரயில்னா ரயில். நமக்கும் அப்படி ஒரு ஆள் வரணும். ஓட்டாவது ஒண்ணாவது."

"நீ இதுவரைக்கும் ஒரு தடவைதானேடா ஓட்டுப் போட்டிருக்க?"

"அந்த ஒரு தடவையே போதும்."

தம்பி இதைச் சொல்லி முடித்ததும், சுவரோரம் கிடந்த காலி இருக்கையில் யாரோ உட்கார்ந்தார்கள். ஆள் தெரியவில்லை. ஃபோம் மட்டும் அமுங்கியது, அமுங்கிய இடம் அமுங்கியபடியே இருந்தது. அது ஒரு பேருந்து ஓட்டுநருக்காகச் செய்த இருக்கை. அவர் வேலையை விட்டுப் போனதால் உறை போடாமல் அங்கேயே தங்கிவிட்டது. அக்காவும் தம்பியும் அப்பா விட்டுப்போன அந்தப் பட்டறையில் பேருந்துக்கும் காருக்கும் இருக்கை தைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தையல் மெஷினில், தம்பி இரும்புச் சட்டத்தில். ஃபோம் வெட்டுபவருக்கு ஐ.நா. என்று பட்டப்பெயர். உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் அவர் கருத்துச் சொல்வார், எந்தச் சண்டையும் நின்றதில்லை. அவர்தான் எழுந்துபோய் அமுங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. "ஆளு கொஞ்சம் இடப்பக்கமா சாயறாரு. இடுப்புல பிடிமானம் பத்தல" என்றார்.

வேறு தொழில் செய்கிறவர்களாக இருந்திருந்தால் அன்றே இருக்கையைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பார்கள். இவர்களால் முடியவில்லை. உட்காருகிறவரை உட்காரவைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, அந்த உடம்புக்குத் தக்கபடி ஃபோம் வெட்டுவதுதான் பட்டறையின் வழக்கம். ஒருவர் அசௌகரியமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வேறு வேலை செய்ய அவர்கள் கைக்குப் பழக்கமில்லை. அதனால் அன்று மாலைக்குள் ஐ.நா. கோடு போட்டார், இடுப்புக்குக் கெட்டி ஃபோம் ஒட்டினார், தம்பி சாய்மானத்தைச் சற்றே பின்னுக்குத் தள்ளினான். யாருக்காக என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நன்றாக அமைந்துவிட்டது என்பதில் மூவருக்கும் திருப்தி.

தம்பியின் கூட்டாளிகள் சாயங்காலம் வந்து ரெக்சின் சுருள்கள்மேல் உட்காருவார்கள். எல்லோரும் படித்தவர்கள், எல்லோரும் எங்காவது விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். பனி கொட்டும் ஒரு நாட்டின் தலைவர் வெறும் உடம்போடு ஆற்றில் இறங்கும் காட்சியைக் கைப்பேசியில் பார்ப்பார்கள். ஏதோ ஒரு தீவில் பாராளுமன்றத்துக்குப் பூட்டுப் போட்ட தளபதியைப் பற்றி, பக்கத்து வீட்டு மாமாவைப் பற்றிப் பேசுவதுபோலச் செல்லமாகப் பேசுவார்கள். "நம்மாளுங்க அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை சிரிக்கிறானுங்க, அவ்வளவுதான்" என்பான் ஒருவன். அவர்கள் பேசப் பேச இருக்கையின் பாரம் கூடியது. தளபதி இரண்டாவது முறையாகப் பதவியேற்ற வாரம் அடிச்சட்டம் நெளிந்துவிட்டது. தம்பி தடித்த இரும்பு வைத்துப் பற்றவைத்தான். தேர்தல் நாளில் தெருவில் இளையவர்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை. அக்கா மட்டும் போய் மை வைத்துக்கொண்டு வந்தபோது, தம்பி இருக்கைக்குக் கைப்பிடிகள் மாட்டி அவற்றுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தான். தையல் கோணலாகப் போயிருந்தது. அவளுக்கு அந்த இருக்கையைக் கண்டாலே பிடிக்காது, ஆனால் கோணல் தையலை அப்படியே விட அவளால் ஆகாது. "தள்ளுடா" என்று சொல்லிப் பிரித்து, தானே நேராகத் தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

முதல் வருடம் நல்லதாகவே போயிற்று. தெருவிளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. அலுவலகங்களில் ஊழியர்கள் நேரத்துக்கு வந்தார்கள். யாரும் மனுக் கொடுக்கவில்லை, பட்டறையில் அந்த இருக்கைக்கு எதிரே உட்கார்ந்து புலம்பியது மட்டுமே உண்டு. மக்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார்கள். எதிர்ச்சாரியில் இருந்த சைக்கிள் கடைக்காரர் ஒருநாள், "வெறும் சீட்டுக்கு எதுக்குடா இவ்வளவு குழையறீங்க?" என்று சிரித்தார். மறுநாள் அவர் கடை இருந்த இடத்தில் சுவர் இருந்தது. பூச்சு காய்ந்து, சுண்ணாம்பு அடித்து, பல வருடமாக அங்கேயே இருப்பதுபோல இருந்தது. இரண்டொரு நாள் அதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அதில் சுவரொட்டி ஒட்டினார்கள். சைக்கிளில் காற்று இறங்கியவர்கள் அடுத்த தெருவரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்கா அதைக் கவனித்தாள். சாப்பாடு போடும்போது "இன்னும் வைக்கவா?" என்றால் தம்பி "சரிக்கா" என்றான். மறுபடி கேட்டாலும் சரி. அவள் நிறுத்தும்வரை மூச்சுத் திணறச் சாப்பிட்டான். "இந்தச் சட்டை உனக்குக் கண்றாவியா இருக்குடா" என்றாள் வேண்டுமென்றே. முன்பெல்லாம் அதற்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவான். "சரிக்கா" என்றான். மாட்டேன், வேண்டாம், போதும், இல்லை எல்லாம் அவன் வாயிலிருந்து போய்விட்டன. தேடுகிறான் என்பது முகத்தில் தெரிந்தது. பாக்கெட்டில் சாவியைத் தடவுகிறவனைப்போல நாக்கால் வாய்க்குள் துழாவினான், கிடைக்கவில்லை. அவன் கூட்டாளிகள் எல்லோருக்கும் அப்படியே ஆகியிருந்தது. ஐ.நா.வும் எந்த நாட்டுச் சண்டையைப் பற்றிக் கேட்டாலும் சரி என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டால் அதற்கும் சரி. அக்காவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை, யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் நீல வண்டி வந்து பட்டறை வாசலில் நின்றது. எல்லைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எந்த எல்லை என்று சொல்லவில்லை. வண்டியின் இருக்கைகள் இவர்கள் பட்டறையில் தைத்தவைதான், அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. கூட்டாளிகள் அதில் ஏற்கெனவே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வாசல்களில் அம்மாக்கள் நின்றார்கள். மழை வரும்போது கொடியில் காயும் துணியை எடுப்பதைப்போல, ஒருவரும் சொல்லாமலே பிள்ளைகளின் பையை எடுத்துக் கொடுத்தார்கள்.

அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "போகாதடா."

"சரிக்கா."

"ஏறுப்பா" என்றார் வண்டிக்காரர்.

"சரிங்க" என்றான் தம்பி. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான், மறுகால் தரையில் நின்றது.

அக்கா கையை விட்டுவிட்டுப் பட்டறைக்குள் ஓடினாள். ஐ.நா. எழுந்து வழிவிட்டார். அவள் இருக்கைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நின்றபடி பேசக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் உட்கார்ந்தாள். சாய்மானத்திலிருந்து பாரம் மெல்ல விலகியது. அவள் நேராகத் தைத்த கைப்பிடி இரண்டும் அமுங்கின. பிறகு இருக்கையின் முன்விளிம்பு தாழ்ந்தது, காது கொடுக்க ஒருவர் முன்னால் குனிவதைப்போல. வெளியே வண்டி உறுமத் தொடங்கியது.

"ஐயா, உங்களுக்கு இடுப்பு வலிக்காம இருக்கணும்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சவன் அவன். எனக்குன்னு வேற யாரும் இல்ல. அவனை மட்டும் இறக்கிவிடச் சொல்லுங்கய்யா."