ஐந்தடி இரண்டங்குல ஈரம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் உதிரட்டும். (ஒன்று ஏற்கெனவே ஆடுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இந்தக் கதை ஒரு தலையணையில் பிறந்தது. கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த என் மனைவியின் காதோரம், உள்ளங்கை அகலத்துக்குக் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. எங்களுக்கு ஒரே அறை. சமையல்கட்டுக்குள் கட்டில் நுழையாது.

"அடுத்த மழைக்கு மூஞ்சில விழும்," என்றாள். "அப்பறம் மூஞ்சி எது, காரை எதுன்னு தேடிக்கிட்டிருப்பீங்க."

மொட்டைமாடிக்குக் கசிவுப் பூச்சு அடிப்பவரை அழைத்து வந்தேன். அன்று ஞாயிறு. வெள்ளிக்கிழமை மழை என்றது செல்போன். பூச்சுக்காரர் விரலை மடக்கினார்.

"நாளைக்குத் தளத்தைக் கழுவணும். செவ்வா, புதன் காயணும். வியாழன் காலைல ஒரு கோட்டு, மத்தியானம் ஒரு கோட்டு. ஒரு நாள் பிசகுச்சுன்னா அடுத்த வெயிலுக்குத்தான் சார்."

2

இந்தப் பகுதியை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "கார்மேகங்கள் கவிந்த அந்தத் துயர மாலையில்—"

அடித்துவிட்டேன். மேகமே இல்லை. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

பூச்சுக்காரருக்கு ஒரு பழக்கம். தளம் காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்க்க மாட்டார். பெரிய பிளாஸ்டிக் விரிப்பை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போவார். மறுநாள் அதன் அடியில் வியர்த்திருந்தால் தளத்துக்குள் இன்னும் ஈரம் என்று கணக்கு. அதன்மேல் பூசினால் கொப்புளம் கட்டிப் பெயர்ந்துவிடும்.

புதன்கிழமை காலை விரிப்பைப் பார்த்தோம். நடுவில் ஓரிடம் தவிர எங்கும் காய்ந்திருந்தது. அந்த ஓரிடத்தில் வியர்வை ஓர் ஆள் வடிவத்தில் கோத்திருந்தது. மல்லாந்த உடம்பு. நெற்றியில் ஒரு கை. விறைப்பாக நீட்டிய ஒரு கால், மற்றதைவிடத் தடிமனாக.

(முதல் வரைவில் பூச்சுக்காரர் இங்கே அலறினார். அவர் அலறுகிற ஆள் இல்லை. அளவு நாடாவை எடுத்தார்.)

"அஞ்சடி ரெண்டு இஞ்சு. கீழ யாரு சார் படுத்திருக்காங்க?"

"வீட்டுக்காரி."

"என்ன உயரம்?"

நாற்பத்தொரு வருடமாக உடன் வாழ்பவளை நான் அளந்ததில்லை. நாடாவை வாங்கிக்கொண்டு கீழே போனேன்.

"எதுக்குங்க அளக்குறீங்க?" என்றாள். "நான் இன்னும் போகலை."

சரியாக ஐந்தடி இரண்டங்குலம்.

3

கட்டிலை ஜன்னலோரம் இழுத்தோம். "மெதுவா! நான் என்ன பீரோவா?" என்று கத்தினாள். மதியம் மேலே போய்ப் பார்த்தால் ஈரமும் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது. பழைய இடம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

"அம்மா படுக்காம இருந்தா காஞ்சிரும் சார்," என்றார் பூச்சுக்காரர், சிமெண்டில் தண்ணீர் கொஞ்சம் அதிகம் என்பதுபோல.*

* இந்த மனிதரை நான் சந்தேகிக்கிறேன். யாராவது இவ்வளவு நிதானமாக இருப்பார்களா? வேறொரு பூச்சுக்காரரை எழுதிப் பார்த்தேன். அவர் வேலைக்கே வரவில்லை.

அன்று இரவு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு. காலியான கட்டிலில் நான் படுத்தேன். (முகம் சுளிக்காதீர்கள். அவள்தான் படுக்கச் சொன்னாள். கொஞ்சம் நானும் சொல்ல வைத்தேன்.)

வியாழன் காலை விரிப்பை உரித்தோம். சொட்டு ஈரமில்லை. விடிய விடிய நான் படுத்திருந்த இடத்துக்கு மேலேயும் இல்லை.

பூச்சுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதன்முறையாக ஓரடி தள்ளி நின்றார்.

அவளிடம் சொன்னேன். "உங்ககிட்ட ஈரமே கிடையாதுன்னு நான் எப்பவோ கண்டுபிடிச்சாச்சு," என்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை அழுத்தி, நாடியைத் தேடி—

(அவளுக்கு அது கிடைத்ததா என்ற வாக்கியம் இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

பூச்சுக்காரர் தூர மூலையில் தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து வந்து, படிக்கட்டில் முடித்தார். மத்தியானம் இரண்டாவது கோட்டும் ஆயிற்று.

"காலைல வரைக்கும் அம்மா படுக்கக் கூடாது. அடியில ஈரம் எழும்புச்சுன்னா மொத்தமும் தோல் மாதிரி உரிஞ்சிரும்," என்றார். என் கை அவர்மேல் படாமல் படியிறங்கினார்.

மாலை நாலரைக்கு மேகம் வந்துவிட்டது, ஒரு நாள் முன்னதாக. பூச்சுக்காரரைப் போனில் பிடித்தேன். "மேல இறுகியிருக்கும் சார், மழையைத் தாங்கும். அம்மாவைத்தான் தாங்காது."

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்த கால் வீங்கியிருந்தது. கட்டுக்கு வெளியே விரல்கள் நீலம் பாரித்திருந்தன. முதல் துளி ஜன்னலில் விழுந்தது.

"என்னங்க, முடியலைங்க. படுத்துக்கட்டுமா?"

முடிவு அ: "படு" என்றேன். தலைக்கு மேலே ஏதோ நிதானமாக உரிகிற சத்தம்.

முடிவு ஆ: "பொறு" என்றேன். கூரை தாங்கியது. அவள் கால்— (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு இ: நான் முதலில் படுத்து, அவளை என்மேல் படுக்க வைத்துக்கொண்டேன். ஈரமில்லாதவன் ஒருவன் உடனிருந்தால், அவளுடைய ஈரம் மேலே போகாமல் ஒருவேளை என்னிடமே தங்கிவிடலாம். எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே நம்ப முடியவில்லை.

அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மழை வலுக்கிறது. என்ன சொல்லட்டும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும், சீக்கிரம்.

நாங்கள் குடியிருப்பது நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். எங்கள் கூரைக்கு மேலே இருப்பது மொட்டைமாடி இல்லை, அடுத்த வீடு.