சிவப்பு நூல் தைத்த பூட்ஸ்

திரையில் முதலில் தெரிந்தது என் பூட்ஸ்.

ஒன்பது நிமிஷப் படம். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு நகராட்சி மண்டபத்தில் போட்டார்கள். எடுத்தவள் ஸிரீன், எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் மகள், பெய்ரூட்டில் சினிமா படித்தவள். தப்கே ஆட்டத்தைப் பற்றிய படம் என்று கேள்விப்பட்டதிலிருந்தே எனக்குக் கடுப்பு. இந்த பெக்கா பள்ளத்தாக்கில், நவ்வாஃப் என்கிற என்னைக் கேட்காமல் தப்கேயைப் படமெடுக்க இவள் யார்? பன்னிரண்டு வருஷமாக ஊர்க் கல்யாணங்களில் ஆட்ட வரிசையின் தலையில் நிற்பவன் நான். தோளோடு தோள் சேர்த்து இருபது பேர் மிதித்தாலும், கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு முன்னால் போகிறவன் ஒருத்தன்தான். பெண்கள் வேண்டுமானால் வால் பக்கம் கைகோர்த்துக்கொள்ளலாம். தலை ஆம்பளைக்கு.

படத்தில் முகமே கிடையாது. ஒரு மொட்டைமாடி, வெயில், முழங்காலுக்குக் கீழே ஏழு ஜோடிக் கால்கள். முன்னால் போன காலில் என் பூட்ஸ். வலது பூட்ஸின் மூக்கில் ஒட்டுத்தோல், அதைச் சுற்றி சிவப்பு நூல் தையல். ஊரில் அதைத் தெரியாத ஆள் இல்லை. எத்தனை கல்யாணங்களில் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருப்பேன்!

அப்புறம் அந்த மிதி வந்தது. வலது கால் மேலே போனது. மேள அடி விழுந்தது, கால் விழவில்லை. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடி தாண்டிப் போன பிறகு, எல்லோரும் நம்பிக்கை இழந்த நேரத்தில், ஒரே மிதி. இருபது வயசிலிருந்து நான் முயன்று முயன்று எனக்கு வராத மிதி அது. என் கால் எப்போதும் அவசரப்பட்டுவிடும்.

நான் இந்தப் படத்தில் ஆடவில்லை. அப்படியென்றால் என் பூட்ஸுக்குள் யார்?

பக்கத்தில் என் தங்கை ரிஹாப் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கீழே பார்த்தேன். செருப்புக்குள் அவள் கட்டைவிரல் மேளத்துக்குச் சரியாக ஆடிக்கொண்டிருந்தது. பூட்ஸைத் தைக்கக் கொடுத்திருப்பதாக அவள் சொன்னதும், சனிக்கிழமை தோறும் தையல் வகுப்புக்கென்று ஸஹ்லே நகரத்துக்குப் போனதும் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வால் பக்கம் நின்று இத்தனை வருஷமும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதலில் வந்தது மானம், மரியாதை எல்லாம் இல்லை. பொறாமை.

விளக்கு போட்டதும் சித்தப்பா என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கட்டிப்பிடித்தார். என் வரிசையில் இரண்டாவதாக ஆடும் காஸிம், எங்களை விட்டுவிட்டுப் பட்டணத்து ஆட்களோடு ஆடப் போய்விட்டாய் என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். அவனுக்கும் எரிச்சல்தான். அது எனக்கு நன்றாகவே இருந்தது.

ஆடியவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை என்றாள் மேடையிலிருந்த ஸிரீன். விருப்பமிருந்தால் அவர்கள் மேடைக்கு வரலாம் என்றும் சொன்னாள். அவ்வளவுதான், மொத்த மண்டபமும் என்னைப் பிடித்துத் தள்ளியது. ரிஹாபைப் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. உண்மை வெளியே வந்தால் அப்பா அவளை வாசல் தாண்ட விடமாட்டார். கால்சட்டையும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு ஆம்பளை இடத்தில் நின்று மிதித்தாள் என்று ஊர் வருஷக்கணக்கில் பேசும். அவளைக் காப்பாற்றத்தான் மேடையேறுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸிரீன் என்னைப் பார்த்த பார்வையில் ஈரமே இல்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கைதட்டல், விசில், போட்டோ. அந்த மிதியை ஒரு தடவை போடு என்று சித்தப்பா கீழேயிருந்து கத்தினார். யாரோ மேளத்தைத் தட்டினார்கள். காலைத் தூக்கினேன். அடியோடு சேர்ந்து கால் விழுந்துவிட்டது, எப்போதும் போல.

மண்டபம் அதிர்ந்தது. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ரிஹாபும் கைதட்டினாள்.

மறுநாள் காலை என் அறை வாசலில் பூட்ஸ் பளபளவென்று இருந்தது. அடுப்படியில் ரிஹாப் குட்டிச் சுரைக்காய்களைக் குடைந்துகொண்டிருந்தாள், மதியத்துக்கு அரிசி அடைக்க.

"நேத்து நீ அவசரப்பட்டுட்டே அண்ணா. மேளத்துக்குப் பயந்து கால வெச்சுட்டே."

"வாய மூடு. உன் மானத்தக் காப்பாத்தத்தான் நான் மேலே ஏறினேன்."

"தெரியும். ரொம்ப நேரம் நின்னு காப்பாத்தினே."

எனக்குச் சுருக்கென்றது. இனிமேல் என் பூட்ஸைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று கத்தினேன்.

"தொடமாட்டேன். எனக்கு அது ரெண்டு அளவு பெருசு. பழைய காலுறையா திணிச்சு திணிச்சுதான் ஆடினேன்." அடுத்த சுரைக்காயை எடுத்தாள். "ஸிரீன் இன்னொரு படம் எடுக்குறா. அதுல பூட்ஸ் வேணாமாம். வெறுங்காலுதான்."

"பொம்பளக் காலுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்டீ."

"தெரியட்டும்."

அப்பா, மானம், ஊர், அவளுக்கு நாளைக்கு வரப்போகிற மாப்பிள்ளை என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இழுத்துக் கத்தினேன். அவள் குடைவதை நிறுத்தவில்லை. கடைசியில் மூச்சு வாங்கி நின்றேன்.

"அந்த மிதி அதுலயும் வருமா?" என்று கேட்டேன்.

"வரும்."

அப்போதுதான் வயிறு உண்மையாகவே எரிந்தது. இந்தத் தடவை மேடையேற எனக்கு வழியில்லை.