நாலாவது குருவி

அந்த வீட்டுக் கொல்லைத் தோட்டத்தில் குளிர்காலத்தில் எத்தனை சாம்பல் குருவிகள் வந்து இறங்குகின்றனவோ, அடுத்த குளிர்காலத்தில் அந்த வீட்டில் அத்தனை பேர்தான் இருப்பார்கள். அந்த வீட்டில் போர்டு எழுதும் பெயிண்டரின் கல்யாணத்துக்கு முந்தின குளிரில் ஒன்று கூடுதலாக வந்தது. மகள் பிறப்பதற்கு முன்னால் இன்னொன்று. பெயிண்டரின் அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோதே ஒன்று குறைந்தது. அவர் எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைகளை மடித்து வைத்தார். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

கூச்சம் பிடித்த குருவிகள். திரைச்சீலை அசைந்தால் போதும், பறந்துவிடும். ஆகவே அவை இருக்கும் நேரத்தில் அடுப்பில் குக்கர் ஏறாது, பெயிண்டரின் அக்கா தையல் மெஷினை மிதிக்க மாட்டாள். பெயிண்டர், மனைவி, மகள், அக்கா நால்வரும் சமையலறை ஜன்னலோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார்கள். இந்தக் குளிரில் மூன்றுதான் வந்தன. பன்னிரண்டு நாள் எண்ணியும் மூன்றுதான். மூச்சைப் பிடிக்க முடியாமல் இருமியது மகள். ஏழு வயது, பிறந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"நாலாவது எங்கங்க?" என்றாள் மனைவி.

"வரும். அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்றார் பெயிண்டர்.

கூச்சத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தால் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறவர். மறுநாள் சந்தையிலிருந்து ஒரு கூண்டுக் குருவியை வாங்கிவந்து, போர்டு எழுதும் மெல்லிய பிரஷ்ஷால் உடம்புக்குச் சாம்பல் அடித்து, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு இழுத்தார்.

"இதப் பாத்து யாருடா ஏமாறப் போறா?" என்றாள் அக்கா.

"கட்டாத கடைக்கெல்லாம் போர்டு எழுதியிருக்கேன்க்கா. பின்னாடியே கடை வந்துச்சு."

கொல்லையில் விட்டார். மற்ற மூன்றும் நகர்ந்து இடம் கொடுத்தன. மனைவி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். புதுக் குருவிக்கு மட்டும் கூச்சமே இல்லை. சமையலறைப் படிவரை வந்து ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தது. அது யாருக்கும் பிடிக்கவில்லை.

வெயில் ஏற ஏற மகளின் இழுப்பு விட்டுப்போனது. மழைக்கு முந்தின வாரம், மூன்று மாடிச் சுவரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். பாதிப் பெயர் இன்னும் சுவரில் இருக்கிறது. அடக்கம் செய்தார்கள். மனைவிக்கு அழுது அழுது குரலே போய்விட்டது. ஒன்பதாம் நாள் மாலை, வழக்கமான நேரத்துக்கு அவர் வேலையிலிருந்து திரும்பி வந்தார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் சிரித்துப் பேசினார். பிறகு செருப்பை அதே மூலையில் விட்டு, உள்ளே வந்து மகளைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா அவர் பிடரியை ஈரத்துண்டால் துடைத்துப் பார்த்தாள். துண்டில் தோலின் நிறம் வந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவள் அந்தத் துண்டை மடித்து வைத்தாள்.

"இது அவன் இல்ல," என்றாள் சமையலறையில்.

"நாலு பேர் இருக்கோம் அண்ணி," என்றாள் மனைவி. "தட்டு எடுத்து வைங்க."

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். குளிர்காலத்தில் நாலு குருவிகள் தவறாமல் வருகின்றன. வானம் கறுத்தால் மனைவி இருப்பதிலேயே பெரிய குடையை எடுத்துக்கொண்டு பெயிண்டர் வந்து இறங்கும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிறாள். அவள் போய்ச் சேர நேரமாகிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தன் குடையோடு போய் நிற்கிறார். மழை பெய்த நாட்களில் அந்தத் தெருவில் யாரும் வண்டியை வேகமாக ஓட்டுவதில்லை, பெயிண்டர் மேல் தண்ணீர் தெறித்துவிடும் என்று.