வீட்டில் எத்தனை பேர்?

"மூச்சு வுடக் கூடாது. தும்மல் வந்தாக்கூட தாவணியில பொத்திக்கோ" என்று சொல்லி, பாஞ்சாலையை மல்லாட்டைக் கடலை மூட்டைகள் கிடந்த பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் பச்சையம்மாள்.

பெற்ற தாய்தான். பிறவியிலேயே பார்வையில்லாத அந்தப் பெண்ணை அவள் ஒருநாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஒளித்து வைத்தாள், அவ்வளவுதான். தங்கை குருடு என்றால் அக்காள் வயிற்றிலும் குருடுதான் பிறக்கும் என்று சொல்லி, பெரியவள் சந்திரகலாவுக்கு வந்த இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. இப்போது மூன்றாவது. பூ வைக்க நாள் குறிக்க, கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை ராஜம்மாள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்தா கணக்கெடுப்பு வர வேண்டும்? அடுத்த வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்காக வீடு வீடாக எழுதும் வேலையைப் பள்ளி வாத்தியார்கள் தலையில் கட்டியிருந்தார்கள். தேரடித் தெருவுக்கு வந்தவர் சக்கரபாணி வாத்தியார்.

"வீட்டுல எத்தன பேரும்மா?"

"நானு, அவரு, பொண்ணு. மூணு பேருங்க சார்."

"கண்ணு தெரியாதவங்க, கை கால் வராதவங்க யாராச்சும்?"

"அண்ணாமலையார் புண்ணியத்துல யாரும் இல்லீங்க."

வாத்தியார் பூஜ்யம் போட்டார். "தெரு பூரா இதையேதான் சொல்றாங்க. கண்ணு தெரியாத புள்ளைங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்குதும்மா. சோறு, தங்க எடம் எல்லாம் இனாம். வெரலால தடவியே பொஸ்தகம் படிக்குதுங்க. யாராச்சும் இருந்தா நானே கூட்டிட்டுப் போயி சேத்து வுடுவேன்."

பின்னறையில் பாஞ்சாலை எழுந்து நின்றுவிட்டாள். "இதுக்கு என்னத்தச் சொல்லித் தர்றது?" என்று உள்ளூர்ப் பள்ளி திருப்பி அனுப்பிய நாளிலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. கதவில் கை வைத்தாள். அக்காள் காப்பி கொண்டுபோகும் வளையல் சத்தம் கேட்டது. கையை எடுத்துக்கொண்டு, பழையபடி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

காப்பித் தட்டைக் கீழே வைத்தாள் சந்திரகலா.

"சார், நாலு பேரு. என் தங்கச்சி உள்ள இருக்கா. அவளுக்குப் பார்வை கெடையாது."

சொல்லிவிட்டுப் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

ராஜம்மாள் காப்பியைத் தொடவில்லை. "நல்லவேள, நாளு குறிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது" என்று எழுந்து படியிறங்கினாள். பச்சையம்மாள் "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே ஓடினாள். சந்திரகலா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சேத்து வுடுங்க சார். நான் சத்தமா படிக்கிறதக் கேட்டே எட்டாங்கிளாசு பாடம் வரைக்கும் ஒப்பிப்பா."

"வயசென்னம்மா?"

"பதினாலு."

வாத்தியார் பேனாவை மூடினார். "பன்னெண்டுக்கு மேல புதுசா சேத்துக்க மாட்டாங்களேம்மா. ரெண்டு வருசம் முன்னாடி, கண் முகாமுக்குப் பேர் எழுத இதே வாசல்ல வந்து கேட்டேனே! அப்பவும் யாரும் இல்லன்னுதானே சொன்னீங்க?"

அப்போது வந்திருந்தது முதல் சம்பந்தம். திரும்பி வந்து வாசற்படியில் நின்ற பச்சையம்மாள் அப்படியே உட்கார்ந்தாள். எந்த மகளுக்காக அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருத்திக்காக ஒருத்தியை மறைத்து, இரண்டு பேரையும் நட்டாற்றில் விட்டாயிற்று.

வாத்தியார் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பாஞ்சாலை சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். அந்தக் கூடத்தில் அந்நியர் முன்னால் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை.

"சேத்துக்க மாட்டாங்கன்னா போவட்டும் சார். இந்த வூட்டுல இப்பிடி ஒருத்தி இருக்கான்னாச்சும் எழுதிக்கிட்டுப் போங்க."